இரண்டாம் அலமாரி

வேன் பாலாநகர் பெரிய ரோட்டை விட்டு இரும்புப் பட்டறைகள் இருக்கிற சந்துக்குள் திரும்பியதுமே ஷோபாவுக்கு மூக்கு அரித்தது. மிளகாய் நெடி. கூட வந்த நான்கு பெண்களும் மாறி மாறித் தும்மிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காலையில் உப்பலில் வேன் ஏறும்போது, "ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனி, ரெண்டு மாச வேலை, பழைய பேப்பரையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்று மட்டும்தான் சூப்பர்வைசர் சுப்ரியா சொல்லியிருந்தாள். எந்தக் கம்பெனி என்று ஷோபா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ.

பச்சை கேட். இடப்பக்கம் தகரக் கூரை போட்ட காவல் கூண்டு. உள்ளே வேப்ப மரத்தை ஒட்டி நிற்கிற கன்டெய்னர் லாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் எட்வினை நிறுத்தி, சட்டையைக் கழற்ற வைத்துச் சோதனை போட்ட இடம் அது.

வயிறு சரியில்லை, வேனிலேயே இருக்கிறேன் என்று சொல்லத்தான் சுப்ரியா பக்கம் திரும்பினாள். சொல்லவில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றி, ஏஜென்சி கொடுத்த நீலத் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'மேரி' என்று இருந்தது. அது ஞானஸ்நானப் பெயர். ஆதார் கார்டில் மட்டும் இருக்கிற பெயர். அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாத பெயர்.

எட்வின் அங்கே பதினாலு வருஷம் காகிதம் சுமந்தான். அதுதான் வேலை. மிளகாய் மூட்டை கன்டெய்னரில் ஏறியதும் அவன் ஸ்கூட்டரை எடுப்பான். சனத்நகர் கன்டெய்னர் யார்டு, செகந்திராபாத்தில் சான்று முத்திரை, பேகம்பேட்டையில் கப்பல் கம்பெனி ஆபீஸ், கடைசியாக கூரியர். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்வான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அப்படிச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவளுக்குக் காட்டினான்.

"மூணு தாள் கீது பாரு. மூணும் ஒரிஜினல். 'உன் சரக்கு எங்கிட்ட கீது'ன்னு கப்பல்காரன் எழுதிக் குடுக்கற பத்திரம். பில் ஆஃப் லேடிங்னுவாங்க. இத்த அந்த ஊரு துறைமுகத்துல காட்டினாத்தான் பொட்டியத் தொறப்பான். இது யாரு கையில கீதோ சரக்கு அவனுது."

"அப்போ நான் வெச்சிகினா சரக்கு என்னுதா?" என்று கேட்டுவிட்டு, தொடப் பயந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவன் சிரித்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டாயிரத்துப் பதினாறு மே மாதம், மலேசியாவில் போர்ட் கெலாங்குக்கு இரண்டு கன்டெய்னர் மிளகாய் போயிற்று. எக்ஸ்போர்ட் மேனேஜர் சீதாராமன் தன் கையாலேயே கவர் ஒட்டி, தன் கையாலேயே விலாசம் எழுதிக் கொடுத்தார். எட்வின் கொண்டுபோய் கூரியரில் போட்டான். ரசீதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். கப்பல் போய்ச் சேர்ந்தது, காகிதம் போய்ச் சேரவில்லை. துறைமுகத்தில் மழை. பெட்டியைத் திறக்க வழியில்லை. முதலாளி, பெரியவர், கத்திய கத்தலில் ஆபீஸ் நடுங்கியது. சீதாராமன் சொன்னார்: "கவரை எட்வின் கையில கொடுத்தேன். ரசீது எதுவும் எனக்குத் தரலை." அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெளியாள் எவனுக்காவது வித்துட்டானோ என்னவோ" என்று சேர்த்தார்.

எட்வின் கூரியர் ஆபீசுக்கு ஓடினான். நம்பர் இல்லாமல் எதுவும் பார்க்க முடியாது, கம்பெனி கேட்டால்தான் சொல்வோம் என்றார்கள். கம்பெனி கேட்கவில்லை. "நானே விசாரிச்சுட்டேன், அப்படி ஒரு புக்கிங்கே இல்லை" என்று சீதாராமன் சொல்லிவிட்டார். ஜூன் நாலாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூட்டை தூக்குகிற அத்தனை பேர் முன்னாலும் கேட்டில் வைத்துச் சோதனை. அன்று சாயங்காலம் வரை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. சாட்சி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போயிற்று.

வேலை போனதைவிட இன்னொன்று ஷோபாவுக்கு நெஞ்சில் நின்றது. மல்காஜ்கிரி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடிக்கிறவன் எட்வின். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அவன் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு ஆண்கள்தான் பிடிப்பார்கள். அடுத்த ஞாயிறு பாதிரி ஐயர் பையை எடுத்து இன்னொருத்தன் கையில் கொடுத்தார். எட்வின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்த பிறகும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது அவன் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கிறான். வெளியே போகிறவர்கள் பையையும் பில்லையும் சரிபார்த்து பில்லில் ஓட்டை போடுகிற வேலை. ஒரு நாள் தயிர் வாங்கப் போன ஷோபா தூரத்தில் நின்று பார்த்தாள். அவன் யார் பைக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டை மட்டும் போட்டான்.

ஆவண அறை மிளகாய் கிடங்கை ஒட்டி இருந்தது. ஆறு இரும்பு அலமாரி, கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி. பெரியவர் உயிரோடு இருந்தவரை ஒரு தாளையும் கிழிக்க விட்டதில்லை. அவர் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது மகன் தீபக். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், சட்டையில் மிளகாய்த் தூசி படாமல் நடக்கத் தெரிந்தவன். முதல் நாளே பெண்களை நிற்க வைத்துத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் சொன்னான்: இனி இந்தக் கம்பெனியில் காகிதம் கிடையாது. கப்பல் பத்திரம் கம்ப்யூட்டரில் பிறக்கும், கம்ப்யூட்டரிலேயே மலேசியா போகும், மூன்று நிமிஷம். பழையதெல்லாம் ஸ்கேன் ஆனதும் அரவை மெஷினுக்கு.

அவனுக்குப் பக்கத்தில் சீதாராமன் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. பாக்கெட்டில் பச்சை மைப் பேனா. புது டிஜிட்டல் பிரிவுக்கு அவர்தான் தலைவர் ஆகப்போகிறார் என்று தீபக் சொன்னான். 'அங்கிள்' என்று கூப்பிட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஷோபா வீட்டில் உட்கார்ந்து, "குஸ்கா இன்னொரு கரண்டி போடுங்கம்மா" என்று கேட்டுச் சாப்பிட்ட மனிதர். மகள் ஷர்மிளா பிறந்தபோது மஞ்சள் கவுன் வாங்கி வந்தவர். ஐந்து நீலத் தொப்பிகள் மேலும் அவர் பார்வை போயிற்று, எதிலும் நிற்கவில்லை.

வேலை கடினமில்லை, சலிப்பு. பின்னைப் பிடுங்க வேண்டும். மடிப்பை நீவ வேண்டும். மிளகாய்த் தூசி ஏறிய தாளை உலர்ந்த துணியால் துடைத்துக் கண்ணாடி மேல் வைக்க வேண்டும். சரக்கு நம்பர் போட்டுச் சேர்க்க வேண்டும். பிற்பகலில் விரல் நுனி எரியும், மறந்துபோய்க் கண்ணைத் தொட்டால் தீர்ந்தது. மதியம் வேப்ப மரத்தடியில் டப்பா திறப்பார்கள். புளிச்சோறு, பச்சைப் புளுசு என்கிற காய்ச்சாத புளி ரசம், யாராவது ஒருத்தி கொண்டுவந்த வேர்க்கடலைத் துவையல். ஷோபா எல்லோருக்கும் முதுகு காட்டி மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிச் சாப்பிடுவாள்.

மூன்றாம் வாரம் சீதாராமன் சுப்ரியாவிடம் வந்தார்.

"ரெண்டாம் அலமாரி வேண்டாம்மா. எல்லாம் காலாவதியான பூச்சிச் சான்று. செடி நோய் இல்லன்னு சர்க்கார் கொடுக்கறது. ஸ்கேன் பண்ணி என்ன ஆகப்போகுது? நேரா அரவைக்கு அனுப்பிடுங்க."

"எல்லா அலமாரியும்னு அக்ரிமென்ட்ல இருக்கு சார். தீபக் சார்கிட்டருந்து ஒரு மெயில் வந்தா விட்டுடறேன்."

"இதுக்கெல்லாம் அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். மெயில் வரவில்லை.

அடுத்த நாள் மதியம் ஷோபா தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு உள்ளே போனாள். சீதாராமன் இரண்டாம் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து கோப்பு கோப்பாக இழுத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கின மனிதர், தனியாக, வெள்ளைச் சட்டை கைமுட்டி வரை சிவந்துபோய். அவளைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்தார். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே வெயில் கொதித்தது. 

அன்று பிற்பகலே, "அந்த அலமாரிய நான் பாக்கறேன்" என்று சுப்ரியாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். முந்நூறு கோப்பு. நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருஷத்துச் சான்றுகளுக்கு நடுவே, பழுப்பு நிறக் கூரியர் கவர் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.

மேலே போர்ட் கெலாங் விலாசம், பச்சை மையில். அதன் குறுக்கே சிவப்புச் சீட்டு: இந்த விலாசத்தில் அந்தக் கம்பெனி இல்லை, இடம் மாறிவிட்டது, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது. பின்புறம் இந்தக் கம்பெனியின் வரவு முத்திரை. 2016 ஜூன் 21. முத்திரைக்குக் கீழே சீதாராமனின் சுருக்கொப்பம், அதே பச்சை மை. ஓரத்தைப் பிளேடால் நேராகக் கீறித் திறந்திருந்தார். உள்ளே மூன்று தாள். மூன்றும் ஒரிஜினல்.

எட்வினைச் சோதனை போட்டது ஜூன் நாலு. இது வந்தது இருபத்தொன்று. மிளகாயில் பூஞ்சை பிடித்துத் துறைமுகத்தில் கொட்டி அழித்தது ஜூலையில். பதினேழு நாள் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. அன்றைக்கே இதை எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருந்தால் சரக்கும் பிழைத்திருக்கும், எட்வினும் பிழைத்திருப்பான். பழைய விலாசத்தை எழுதினது யார் என்பது மட்டும் தெரிந்திருக்கும். அந்த ஒன்றை மறைக்க அவள் புருஷனைப் புதைத்துவிட்டு, மேலே ஒன்பது வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஷோபா அழவில்லை. அழுகை வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள், வரவில்லை. வந்தது வேறு. அடி வயிற்றிலிருந்து மெதுவாக, சுகமாகக்கூட, ஒரு சூடு ஏறியது. கவரை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்துவிடலாம் என்று கை துடித்தது. நடந்தால் கேட்டில் பிடிப்பார்கள். புருஷனும் திருடன், பெண்டாட்டியும் திருடி என்பார்கள். வேண்டாம்.

வேலையைச் செய்தாள். கவரின் முன்புறம், பின்புறம், சிவப்புச் சீட்டு, முத்திரை, மூன்று தாள், எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாக ஸ்கேன் செய்தாள். சரக்கு நம்பரைப் பிழையில்லாமல் அடித்தாள். சுப்ரியாவைக் கூப்பிட்டாள்.

"கோப்புக்குச் சம்பந்தமில்லாத கவர் ஒண்ணு கிடைச்சிருக்கு. ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. அசலை சீல் வெச்ச பொட்டியில போட்டுடலாம்."

"என்ன மேரி, கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு?"

"மொளகாத் தூசி."

சுப்ரியா கையெழுத்துப் போட்டாள். மாலைக்குள் படங்கள் சர்வருக்குப் போயின, எங்கேயோ தொலைவில் இன்னொரு சர்வருக்கும் போயின. இனி அதை சீதாராமன் கிழிக்க முடியாது, எரிக்க முடியாது, பூச்சிச் சான்றுக்கு நடுவே சொருக முடியாது.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் எட்வின் சாப்பிட உட்கார்ந்தான். கோங்கூரப் பப்பு என்கிற புளிச்சக்கீரைப் பருப்பு, முட்டைப் பொரியல். மகள் ஷர்மிளா போனைப் பார்த்தபடியே தட்டை முன்னால் இழுத்தாள். ஷோபா நின்றபடியே சொன்னாள். மூன்று வாரமாக எங்கே போகிறாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். எட்வினின் கை பப்பில் அப்படியே நின்றது.

"மூணும் இருந்துதா?" என்று மட்டும் கேட்டான்.

"மூணும்."

"நனையலியே?"

"நனையல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு சாப்பிட ஆரம்பித்தான்.

"இன்னாங்க, நான் இன்னா சொல்லிகினு இருக்கேன், நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுகினு கீறீங்க?"

"விட்டுடு ஷோபா. ஒம்போது வருசம் ஆச்சு. பெரியவரும் செத்துட்டார். இப்ப போய்க் கிளறி இன்னா ஆவப்போது?"

"ஆவும். அந்த ஆளு மொகத்துல நான் பாக்கணும்."

"எனக்கு எதுவும் வாணாம்."

"உங்களுக்கு வாணாம். எனக்கு வேணும். சர்ச்சுல பைய வேற ஆளு கையில குடுத்தப்போ பொம்பளைங்க வரிசையில நான் உக்காந்திருந்தேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. இவ ஸ்கூல்ல இன்னா பட்டான்னு தெரியுமா உங்களுக்கு?"

ஷர்மிளா போனைக் கவிழ்த்து வைத்தாள். தமிழில் கேட்டாலும் அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வரும். "வதலொத்து அம்மா" என்றாள், விடாதே என்று. "பதினொரு வயசுல என்னை டாட்டர் ஆஃப் சோர்னு, திருடன் மகள்னு கூப்ட்டாங்க. வதலொத்து."

எட்வின் மகளைப் பார்த்தான். இது அவனுக்குப் புதிது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

வேலை முடிந்த வாரம், மே மாதக் கடைசி, தீபக் மாடியில் எல்லோரையும் கூட்டினான். சுவரில் பெரிய திரை. மலேசியாவில் வாங்குகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் வருவார்கள், அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை. சீதாராமன் புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். கீபோர்டில் உட்கார ஆள் வேண்டும் என்றபோது சுப்ரியா ஷோபாவை உட்கார வைத்தாள். கை சுத்தம், தப்பு அடிக்க மாட்டாள் என்று.

ஏதேதோ நம்பர் சொன்னார்கள், ஏதேதோ பழைய பத்திரம் திரையில் விழுந்தது. தீபக் கை தட்டினான். பிறகு பட்டியலைக் கீழே இறக்கி, ஒரே ஒரு சிவப்பு வரியில் நிறுத்தினான்.

"இதென்ன அங்கிள்? இத்தனை வருஷத்துல ஒரே ஒரு செட் மிஸ்ஸிங்னு காட்டுது?"

"அது அப்பா காலத்துல நடந்தது. ஒரு ஸ்டாஃப் திருடிட்டுப் போயிட்டான். வாங்கறவங்க கேட்டா அப்படியே சொல்லிடலாம். காகிதத்துல இதான் ஆபத்துன்னு சொல்லறதுக்கு நல்ல உதாரணம்கூட."

உதாரணம். அந்தச் சொல் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பாளோ என்னவோ.

"அது காணாமப் போகல சார்" என்றாள் ஷோபா. தெலுங்கில்தான் சொன்னாள், தீபக்குக்குப் புரிய வேண்டும் என்று. "பட்டியல் பழசு. செட்டு இருக்குது. ரெண்டாம் அலமாரில இருந்துச்சு."

நம்பரை அடித்தாள். கவர் சுவரளவுக்குத் திரையில் விரிந்தது. பச்சை மை விலாசம். சிவப்புச் சீட்டு. அடுத்த படம், முத்திரை, தேதி, கையெழுத்து. அடுத்த படம். அடுத்த படம். அவள் அவசரப்படவில்லை, ஒவ்வொன்றையும் படித்து முடிக்கிற நேரம் விட்டு விட்டு நகர்த்தினாள். 

பிறகு தொப்பியைக் கழற்றினாள். மாஸ்க்கை இறக்கினாள். சீதாராமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"குஸ்கா இன்னொரு கரண்டி போடவா சார்?" என்றாள் தமிழில்.

அவர் வாய் திறந்து மூடியது. ஒன்பது வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. கண் கொட்டாமல் பார்த்தாள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தது போல இருந்தது.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து கறி அடுப்பில் இருக்கும்போது சீதாராமனும் அவர் மனைவி அம்மணியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எட்வின் எழுந்து நின்றுவிட்டான், பழக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டான். ஷோபா தண்ணீர் கொண்டு வரவில்லை.

"தீபக் போலீசுக்குப் போறேங்கறான்" என்றார் சீதாராமன். "எட்வின் எழுதிக் கொடுத்தா விட்டுடறேங்கறான். மேல நடவடிக்கை வேண்டாம்னு ஒரு வரி. நான் ராஜினாமா பண்ணிட்டேன்."

"எட்வினுக்கு வேலை குடுப்பாரா அவுரு?" என்று ஷோபா கேட்டாள்.

"கேட்டேன்மா. அந்த வேலையே இப்ப இல்லையே. கொண்டுபோய்க் கொடுக்க என்ன இருக்கு?"

அது நிஜம். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னொரு படி ஏறியது. திருப்பிக் கொடுக்கக்கூட ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து வந்து நிற்கிறார்கள்.

"ஏன் சார் அத்தக் கிழிச்சுப் போடல?" எட்வின் கேட்டான். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

சீதாராமன் தரையைப் பார்த்தார். "ரெண்டு மூணு தரம் எடுத்தேன். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் அது. முப்பது வருஷமா அதைத்தான் பொத்திப் பொத்தி வெச்சேன். கை வரலை, எட்வின். அப்புறம் எந்தக் கோப்புல வெச்சேன்னு மறந்துபோச்சு."

"என்னைக் கிழிக்கக் கை வந்துதே."

 அம்மணி விசும்பினாள். "மன்னிச்சிடுப்பா. இவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. ஸ்டேஷன் கீஷன்னு போனா தாங்க மாட்டார்."

"ஸ்டேஷன் பெஞ்சுல இவரும் உக்காந்திருந்தாரும்மா" என்றாள் ஷோபா. "சாயந்திரம் வரைக்கும். ஒரு வாய்த் தண்ணி இல்லாம. தாங்கினாரு."

சீதாராமன் போனை எடுத்தார். "நான் எழுதியே வெச்சிருக்கேன். தப்பு என்னுதுன்னு. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஈமெயில் போட்டுடறேன். இப்பவே. நீ அதுல ஒரு ஓகே பண்ணிட்டாப் போதும்."

"நக்கோ" என்றாள் ஷோபா. "அதெல்லாம் வாணாம். அந்த கேட்டு. அதே சாப்பாட்டு நேரம். மூட்டை தூக்கறவங்க எல்லாரும் நிக்கறப்போ உங்க வாயால சொல்லணும். சொன்னா இவுரு எழுதிக் குடுப்பாரு. இல்லாட்டி இல்ல."

"ஷோபா" என்றான் எட்வின்.

"நீங்க சும்மா இருங்க."

சீதாராமன் அம்மணியைப் பார்த்தார். அம்மணி தலையசைத்தாள். அவர்கள் போன பிறகு எட்வின், "இவ்ளோ வேணுமா?" என்று கேட்டான். அவள் கறியைக் கிளறினாள். அடி பிடித்திருந்தது.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு வெயில் கேட் இரும்பைத் தொட முடியாதபடி இருந்தது. எட்வின் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். காவல் கூண்டிலிருந்து அப்துல் ரஹீம் எழுந்து வந்தார். அன்றைக்கு மேலே இருந்து வந்த உத்தரவில் எட்வினின் சட்டைப் பையைத் தடவினவர் அவர்தான். எட்வின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப் கரோ பாய்" என்றார், மன்னித்துவிடு என்று. எட்வின் அவர் தோளைத் தட்டினான்.

கிடங்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். புருவமெல்லாம் சிவந்த தூசியோடு குழாயடியில் முகம் கழுவினார்கள். மாடி ஜன்னலில் தீபக் தெரிந்தான். சீதாராமன் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் தாளில்லை, போனில்லை. தெலுங்கில் ஆரம்பித்தார்.

எட்வின் திருடன் இல்லை. காகிதம் தொலையவில்லை. தப்பான விலாசம் எழுதியது நான். திரும்பி வந்ததை மறைத்தது நான். சுருக்கமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்துக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

 குழாயடியில் இருந்த ஒருத்தன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அப்துல் ரஹீமிடம் கேட்டான்: "க்யா போலே சாச்சா? எட்வின் கோன்?" என்ன சொன்னார், எட்வின் யார் என்று.

அப்போதுதான் ஷோபா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். இருபது வயசு, இருபத்தைந்து வயசு. அன்றைக்கு நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூட இல்லை. ஒருவன் மூட்டை தூக்கப் போன இடம் தெரியாது, ஒருவன் செத்திருக்கலாம், ஒருவன் இன்றைக்கும் ஏதோ ஊரில் ஏதோ மரத்தடியில், 'எங்க கம்பெனில ஒருத்தன் இருந்தான், பத்திரம் திருடினான்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவள் இத்தனை பாடுபட்டு இழுத்துவந்து நிறுத்தியது ஆளில்லாத இடத்தில். வாய் கசந்தது. எட்வினின் முழங்கையைத் தொட்டாள்.

"வாங்க போலாம். போதும்."

எட்வின் நகரவில்லை. அவன் முகத்தை அவள் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வயதில் அவள் கல்யாணம் கட்டிக்கொண்ட முகம். அதில் அவள் ஒரு நாளும் பார்க்காத ஒன்று இருந்தது. தாடை இறுகி, கண் சுருங்கி, உதடு உலர்ந்து. விட்டுடு, வாணாம் என்று இத்தனை நாள் சொன்ன ஆள் அங்கே இல்லை.

சீதாராமன் ஆட்டோ நின்ற பக்கம் இரண்டு அடி வைத்திருந்தார்.

"சார்" என்று கூப்பிட்டான் எட்வின்.

அவர் நின்றார்.

"இவங்களுக்குத் தெலுங்கு தெரியாது. ஹிந்தில சொல்லுங்க. மொதல்லேர்ந்து."

"எனக்கு ஹிந்தி அவ்வளவா வராது, எட்வின். உனக்குத்தான் தெரியுமே."

"வர்ற வரைக்கும் சொல்லுங்க. நான் இருக்கேன். எனக்கு இன்னிக்கு லீவு."

சீதாராமன் ஷோபாவைப் பார்த்தார், ஏதாவது சொல்வாள் என்பது போல. அவள் எட்வினின் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, முதலில் நின்ற அதே இடத்தில் நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கிட்ட வந்தார்கள்.

"யே... எட்வின்" என்று ஆரம்பித்தார் சீதாராமன். சொல் கிடைக்காமல் கையைக் காட்டினார். "யே ஆத்மி... சோர் நஹி..."

"சத்தமா, சார்" என்றான் எட்வின்.